‘என்மேல நம்பிக்கை இல்லையா?’: நாம் ஏன் பிறரை நம்புகிறோம்

ஜாமீன் கையெழுத்துக் கேட்டு ஒருவர் வீட்டுக்கு வருகிறார். நெருங்கிய சொந்தம் இல்லை. ஒரே தெருக்காரர், கோயில் திருவிழாவில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான் பழக்கம். மகன் கடை வைக்கிறான், வங்கியில் மூன்று லட்சம் கடன், “ஒரு கையெழுத்துத்தான் அண்ணே” என்கிறார். அந்தப் பையன் ஒழுங்காகக் கடனைக் கட்டுவானா என்று நமக்குத் தெரியாது. உள்ளுக்குள் ஒன்று ‘வேண்டாம் வேண்டாம்’ என்கிறது. காபி வருகிறது. குடித்துவிட்டுக் காத்திருக்கிறார். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்படிக் கையெழுத்துப் போட்டவர்களிடம் காரணம் கேட்டால், “அவர் கட்டிவிடுவார் என்று நினைத்தேன்” என்று சிலர் சொல்வார்கள். “வீடு தேடி வந்து கேட்கிற மனுஷனிடம் எப்படி முடியாதுன்னு சொல்றது?” என்ற பதிலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். இதை இளகிய மனம், வெகுளித்தனம் என்று ஒதுக்கிவிடுவோம். ஒதுக்கக் கூடாது. மனிதர்கள் ஏன் பிறரை நம்புகிறார்கள் என்று கடந்த முப்பது ஆண்டுகளாக உளவியலாளர்கள் நடத்திய ஆய்வுகளில் கிடைத்த முக்கியமான விடை ஒன்று அந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது.

முதலில் அடிப்படை. நம்பிக்கை என்று ஆய்வாளர்கள் எதைச் சொல்கிறார்கள்? 1995-இல் ரோஜர் மேயர், ஜேம்ஸ் டேவிஸ், டேவிட் ஷூர்மன் ஆகிய மூவர் கொடுத்த விளக்கம் இன்றும் பரவலாக எடுத்தாளப்படுகிறது. இன்னொருவர் நினைத்தால் நமக்குக் கெடுதல் செய்ய முடியும். அவரைக் கண்காணிக்கவோ கட்டுப்படுத்தவோ நம்மால் முடியாது. அது தெரிந்தும், நல்லபடியாக நடந்துகொள்வார் என்று எதிர்பார்த்து நம்மை அவர் கையில் விட மனம் ஒப்புவதுதான் நம்பிக்கை. நஷ்டப்பட வாய்ப்பே இல்லாத இடத்தில் நம்பிக்கைக்கு வேலை இல்லை. ஜாமீன் இதற்குச் சரியான உதாரணம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று கேட்டது மூன்று லட்சத்தையும் அடுத்தவர் கையில் வைப்பது.

சரி, இதை எப்படி ஆராய்வது? “நீங்கள் பிறரை நம்புவீர்களா?” என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பதிலைவிட, பணத்தைக் கையில் கொடுத்து என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது மேல். அதே 1995-இல் ஜாய்ஸ் பெர்க், ஜான் டிக்ஹாட், கெவின் மெக்கேப் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். இரண்டு அறைகள். ஒரு அறையில் இருப்பவருக்கு அடுத்த அறையில் தன்னுடைய ஜோடி யார் என்று தெரியாது, பிறகும் தெரியப்போவதில்லை. இருவருக்கும் ஆளுக்குப் பத்து டாலர். முதலாமவர் தன் பத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் அடுத்த அறைக்கு அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். அனுப்பிய பணம் மூன்று மடங்காகி அங்கே போய்ச் சேரும். அந்த ஆள் விரும்பினால் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவார். விரும்பாவிட்டால் முழுவதையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். கேட்பார் யாரும் இல்லை.

கறாரான பொருளாதாரக் கணக்கு என்ன சொல்லும்? இரண்டாமவர் எதையும் திருப்பித் தரமாட்டார், அதனால் முதலாமவர் ஒரு டாலர்கூட அனுப்பக் கூடாது. நடந்தது வேறு. 32 பேரில் 30 பேர் ஏதோ ஒரு தொகையை அனுப்பினார்கள். சராசரியாக அனுப்பியது 5.16 டாலர். திரும்பி வந்தது சராசரியாக 4.66 டாலர். பலருக்கு லாபமும் வந்தது, சிலருக்கு ஒன்றுமே வரவில்லை. மொத்தத்தில் பார்த்தால் கை கொஞ்சம் கடித்தது. முகம் தெரியாத, இனி ஒருபோதும் பார்க்கப்போகாத ஒருவரை நம்பி, லாபம் நிச்சயமில்லாத ஒரு காரியத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் இறங்குகிறார்கள்.

லாப ஆசை என்று சொல்லி முடித்துவிடலாம் என்றால் அதற்கும் தடை இருக்கிறது. ஐரிஸ் போனெட், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இருவர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிக் கேட்டார்கள்: பணத்தைப் பணயம் வைக்க வேண்டுமென்றால் ஜெயிக்கும் வாய்ப்பு குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும்? முடிவு குலுக்கலில் இருக்கும்போது குறைவான வாய்ப்பையே போதும் என்றவர்கள், முடிவு இன்னொரு மனிதரின் கையில் இருக்கும்போது அதிக வாய்ப்புக் கேட்டார்கள். போகிற பணம் ஒன்றுதான், ஆனால் மனிதரால் போவது அதிகம் வலிக்கிறது. இதை விளக்கச் செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சோதனைச்சாலை தேவையில்லை. மழை பொய்த்துக் கண்மாய் காய்ந்து ஐம்பதாயிரம் போனால் மறு வருஷம் மறந்துபோகும். அதே ஐம்பதாயிரத்தைக் கூட்டாளி சுருட்டிக்கொண்டு போனால் முப்பது வருஷம் கழித்தும் கல்யாண வீட்டில் அந்தப் பேச்சு வரும். பின்னர் பிரேசில், சீனா, ஓமன், சுவிட்சர்லாந்து, துருக்கி, அமெரிக்கா என ஆறு நாடுகளில் இந்தக் குழு சோதித்தபோதும் இந்தப் பயம் தலைகாட்டியது.

அப்படியானால் நாம் கணக்கு அனுமதிப்பதைவிடவும் குறைவாகத்தானே நம்ப வேண்டும்? அங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

நம்பாமல் இருப்பது ஒரு அவமதிப்பு

டேவிட் டன்னிங் என்ற அமெரிக்க உளவியலாளரும் டெட்லெஃப் ஃபெட்சன்ஹாவர் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் இதைப் பல ஆண்டுகள் தோண்டினார்கள். அவர்களுடைய விளையாட்டு இன்னும் எளிது. உங்கள் கையில் ஐந்து டாலர். வைத்துக்கொள்ளலாம், அல்லது முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கலாம். கொடுத்தால் அது இருபதாகும். அவர் உங்களுக்குப் பத்தைத் திருப்பித் தரலாம், அல்லது இருபதையும் வைத்துக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: இப்படித் திருப்பித் தருபவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

பதில் சொன்னவர்கள் மனிதர்களைப் பற்றி மோசமாகவே நினைத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் திருப்பித் தருவார்கள் என்று கணித்தார்கள். உண்மையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் திருப்பித் தந்தார்கள். இன்னும் விசித்திரம், ‘பாதிப் பேர் ஏமாற்றுவார்கள்’ என்று எழுதிக் கொடுத்தவர்களே பெரும்பாலும் பணத்தையும் கொடுத்தார்கள். அதே அளவு வாய்ப்புள்ள ஒரு குலுக்கலில் பணம் போடச் சொன்னால் தயங்குகிறவர்கள், ஒரு மனிதர் என்றதும் கொடுத்துவிடுகிறார்கள்.

ஏன் என்று குடைந்து பார்த்ததில் அவர்கள் 2014-இல் ஒரு விளக்கத்துக்கு வந்தார்கள். பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்வது என்றால், எதிரில் இருப்பவரைப் பார்த்து ‘நீ திருடன்’ என்று சொல்வதற்குச் சமம். முன்பின் தெரியாத ஒருவரை அப்படிச் சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. கொடுக்காமல் விடுவதை நினைத்தாலே குற்ற உணர்வும் பதற்றமும் எழுந்தன என்று பங்கேற்றவர்கள் தெரிவித்தார்கள். ‘கொடுக்க ஆசைப்பட்டீர்களா, கொடுத்தாக வேண்டும் என்று தோன்றியதா’ என்று கேட்டபோது இரண்டாவதன் கைதான் ஓங்கியிருந்தது. அந்த ஆள் திருப்பித் தருவதா வேண்டாமா என்பதைக் காசு சுண்டித்தான் தீர்மானிப்போம் என்று விதியை மாற்றியதும் கொடுப்பவர்கள் குறைந்துபோனார்கள். காசு சுண்டினால் யாருடைய குணமும் அங்கே கேள்விக்கு வருவதில்லை, அதனால் யாருக்கும் அவமதிப்பும் இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்பேன். நம்பிக்கை என்பது எதிராளியைப் பற்றிய மதிப்பீடு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். முன்பின் அறியாதவர்களிடம் அது பெரும்பாலும் மரியாதை. நல்லவர் என்று முடிவு கட்டியதால் கொடுப்பது குறைவு. கெட்டவர் என்று முகத்துக்கு நேரே காட்டிக்கொள்ள முடியாததால் கொடுப்பது அதிகம். சோதனையில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழக மாணவர்கள். எதிராளியின் முகத்தைப் பார்க்கவே போகாத அவர்களுக்கே இப்படி என்றால், எதிரில் உட்கார்ந்து காபி குடிக்கிறவரிடம் நம் நிலைமையைச் சொல்ல வேண்டுமா? ‘என்ன நினைத்துக்கொள்வாரோ’ என்ற ஒன்றுக்காக நம் ஊரில் எத்தனை காரியங்கள் நடக்கின்றன!

போனெட்டின் முடிவும் டன்னிங்கின் முடிவும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். நான் புரிந்துகொள்வது இது. ‘எத்தனை சதவீதம் வாய்ப்பிருந்தால் நம்புவீர்கள்’ என்று எண்ணைக் கேட்டால் மனசு ஏமாற்றத்தின் வலியை நினைக்கிறது. ‘இந்த ஆளுக்குக் கொடுக்கிறீர்களா இல்லையா’ என்று கேட்டால் அந்த ஆளின் மானத்தை நினைக்கிறது. இரண்டும் நமக்குள் இருக்கின்றன. கேள்வி எப்படி வருகிறது என்பதைப் பொறுத்து ஒன்று முந்திக்கொள்கிறது.

மனிதர்களைப் பற்றி நம் கணிப்பு ஏன் இவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதற்கும் இதே இருவர் 2010-இல் ஒரு நல்ல காரணம் சொன்னார்கள். மளிகைக்கடையில் பாக்கி வைக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் நம்பிக் கொடுத்து ஒருவர் ஊரை விட்டே போய்விட்டால், அது நோட்டில் பளிச்சென்று நிற்கும். ‘பாக்கி கிடையாது’ என்று திருப்பி அனுப்பிய பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒழுங்காகக் கட்டியிருக்கக்கூடும், அது எந்த நோட்டிலும் ஏறாது. தவறாக நம்பினால் பாடம் கிடைக்கிறது. தவறாகச் சந்தேகப்பட்டால் பாடமே கிடைப்பதில்லை. அதனால் வயது ஏற ஏறச் சந்தேகம் மட்டும் கூடுகிறது. சோதனையில், நம்பினாலும் நம்பாவிட்டாலும் எதிராளி என்ன செய்திருப்பார் என்பதைக் காட்டியவுடன் பங்கேற்றவர்களின் கணிப்பு உண்மைக்கு நெருங்கி வந்தது.

கொண்டுவிக்கப் போனவர்கள்

இனி நம்பிக்கைக்குப் பேர்போன நம் ஊர்க் கதைக்கு வருவோம். நகரத்தார் என்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் நடத்தப் போன காலத்தில், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருக்கும் முதலாளி, கடல் கடந்த கடையை ஒரு மேலாள் கையில் ஒப்படைப்பார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளுக்கு வழக்கமாக மூன்று வருஷக் கணக்கு. சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. தொடர்பு பெரும்பாலும் கப்பல் கடிதம்தான். பெரும்பணம், தூரதேசம். உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டில் எழுதிய தொகை இன்னோர் ஊரில் சொன்னபடி கைமாறும். ‘அந்தக் காலத்தில் எல்லாம் வாய் வார்த்தைதான், நம்பிக்கைதான்’ என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

இதை ஜப்பானிய உளவியலாளர் தோஷியோ யமகிஷி பார்த்திருந்தால் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நம்பிக்கை வேறு, உத்தரவாதம் வேறு என்று பிரித்துக் காட்டியவர் அவர். ஒருவருடைய குணத்தை நம்பித் துணிவது நம்பிக்கை. ஏமாற்றினால் அவருக்கே நஷ்டம், ஆகவே ஏமாற்றமாட்டார் என்று தெரிந்து நிம்மதியாக இருப்பது உத்தரவாதம். ஒற்றுமைக்குப் பேர்போன ஜப்பானியர்களைவிட, தனிநபர் சமூகம் என்று பேர் வாங்கிய அமெரிக்கர்கள்தான் பிற மனிதர்களைப் பொதுவாக அதிகம் நம்புவதாகச் சொன்னார்கள் என்பது 1994-இல் அவரும் மிடோரி யமகிஷியும் வெளியிட்ட ஆய்வின் முடிவு. இறுகிய உறவு வலைக்குள் வாழ்கிறவர்களுக்கு உத்தரவாதம் தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் அந்நியரை எடைபோட்டு நம்பும் பழக்கத்துக்குத் தேவை குறைகிறது என்பது அவர் விளக்கம்.

நகரத்தார் ஏற்பாட்டை இந்தக் கண்ணோடு பாருங்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்த புள்ளி, அதாவது உறுப்பினர். கல்யாணம் என்றால் இரு வீட்டாரின் கோயில்களிலிருந்தும் மாலை வந்தாக வேண்டும். ரங்கூனில் ஒரு மேலாள் கையாடல் செய்தால், அந்தச் சேதி அடுத்த கப்பலில் ஊருக்கு வந்துவிடும். அவருக்கு இன்னொரு கடையில் வேலை கிடைக்காது என்பது சின்ன விஷயம். அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை கேட்டு யார் வருவார்கள்? சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கிட்டங்கி என்ற ஒரே நீளக் கூடத்தில், பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியும் சாய்வுமேசையும் போட்டு அருகருகே உட்கார்ந்து தொழில் நடத்தினார்கள். ஒருவர் கொடுக்கல் வாங்கல் அடுத்தவர் கண்ணில் படாமல் போக வழியே இல்லை. அமெரிக்கப் பொருளாதார வரலாற்றாளர் அவ்னர் கிரெய்ஃப், 11-ஆம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்க யூத வணிகர்களிடமும் இதே மாதிரி ஏற்பாட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார்: ஒருவரை ஏமாற்றிய முகவரை மற்ற எல்லோரும் ஒதுக்கிவிடுவார்கள்.

இப்படிச் சொல்வதால் நம் முன்னோரின் நேர்மை குறைந்துபோகாது. நேர்மையாளன் நேர்மையாகவே இருக்க வசதியான ஒரு சூழலை அவர்கள் கட்டினார்கள், அது பெரிய அறிவு. ஆனால் அந்த வலைக்கு ஓர் எல்லை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வலைக்கு வெளியே இருந்த பர்மிய விவசாயிக்குக் கடன் நிலத்தின் பேரில்தான். 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைக்கு வந்திருந்த நிலம் 1930-இல் 6 சதவீதமாக இருந்தது, 1937 வாக்கில் 25 சதவீதமானது. உள்ளே நம்பிக்கை, வெளியே அடமானம். அங்கே எழுந்த கசப்பு நீண்ட காலம் தங்கியது.

உள்ளே இருப்பவர்களையும் வலை எப்போதும் காப்பாற்றவில்லை. 1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் என்ற வங்கிக் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரக் கம்பெனி, பெரிய கட்டடம், பெரிய பெயர் என்று நம்பிப் பணம் போட்டவர்கள் ஏராளம். அந்த அடிக்குப் பிறகுதான் நகரத்தார் பலரும் சேர்ந்து 1907 ஆகஸ்ட் 15-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். பின்னர் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது.

எதைப் பார்த்து எடை போடுகிறோம்

மேலே சொன்ன மேயர் குழுவினர், ஒருவர் நம்பத் தகுந்தவரா என்று பார்க்கையில் நம் மனசு மூன்று விஷயங்களைத் தேடுகிறது என்றார்கள்: திறமை, நம் மேல் அக்கறை, நேர்மை. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் செய்யும் ஒருவரை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கண்ணாடித் தட்டின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றுவார். அச்சைத் தூக்கினால் கோடு கலையாமல் பூ நிற்கும். மேலே உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, அதற்கும் மேலே ஈரச் சாந்து போட்டு மட்டம் தட்டுவார். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப் போடுவார். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தெடுத்தால் கல்லில் பளபளப்பு. இது திறமை, கண்ணால் பார்க்கலாம்.

சென்னையில் வீடு கட்டும் ஒருவர் இதை ஒரு வீடியோவில் பார்த்து மயங்கி, முழுப் பணத்தையும் முன்பணமாக அனுப்புகிறார் என்று வையுங்கள். அவர் பார்த்தது திறமையை. அனுப்பியது நேர்மையை நம்பி. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சொன்ன தேதிக்கு லோடு ஏறுகிறதா, காட்டிய மாதிரியும் வந்த கல்லும் ஒன்றா என்பதில்தான் நேர்மை தெரியும். “மாடிக் குளியலறைக்கு இந்தக் கல் வேண்டாங்க, சோப்புத் தண்ணியில நிறம் மங்கிரும்” என்று தன் வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு ஒருவர் சொன்னால், அங்கே அக்கறை தெரிகிறது. மூன்றில் ஒன்றைக் கண்டு மற்ற இரண்டும் இருப்பதாக எண்ணிக்கொள்வதுதான் நாம் அடிக்கடி சறுக்கும் இடம்.

முகத்தைப் பார்த்து எடைபோடுவது அதைவிட மோசம். ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடோரோவ் 2006-இல் காட்டியபடி, ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே ‘நம்பலாம், நம்பக்கூடாது’ என்று மனசு முத்திரை குத்திவிடுகிறது. கூடுதல் நேரம் கொடுத்தால் முத்திரை பெரிதாக மாறுவதில்லை, நம் உறுதிதான் கூடுகிறது. வேகமான தீர்ப்பு என்பதற்காகச் சரியான தீர்ப்பு என்று ஆகாது. ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை மூக்கில் தெளித்தால் நம்பிக்கை கூடும் என்று 2005-இல் வந்த செய்தியும் அப்படித்தான், பின்னால் மறுபடி செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு உறுதியாகக் கிடைக்கவில்லை.

அந்த ஒரு வாக்கியம்

மோசடிக்காரர்கள் உளவியல் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் டன்னிங் கண்டுபிடித்ததை அவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். “என்மேல நம்பிக்கை இல்லையா?” என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று யாரால் சொல்ல முடியும்? பதிவில்லாத நகைச்சீட்டு, தீபாவளிச் சீட்டு எல்லாம் பெரும்பாலும் தெரிந்த அக்கா வழியாகத்தான் வருகிறது. ரசீது கேட்கப் போனால், “நமக்குள்ள என்னத்துக்குக்கா ரசீது?” என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அப்புறம் ரசீது கேட்டால் நாம்தான் கெட்டவர்கள். அமெரிக்காவில் 2008-இல் வெடித்த பெர்னி மேடாஃப் என்பவரின் முதலீட்டு மோசடியிலும், அவருடைய சொந்த யூத சமூகத்து அறக்கட்டளைகளும் குடும்பங்களும் பெரிதாக அடிபட்டன. ‘நம்ம ஆள்’ என்ற உத்தரவாதத்தின் தோற்றம் மட்டும் அங்கே இருந்தது, கிட்டங்கியில் இருந்ததுபோல் அடுத்தவர் கண் இல்லை.

இதற்குச் செட்டிநாட்டிலேயே ஒரு மருந்து இருக்கிறது, வெளியே பெரிதாகப் பேசப்படுவதில்லை. நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதுவார்கள். இன்ன ஊர், இன்ன கோயில், இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று எழுதி இரு வீட்டாரும் கையெழுத்திடுவார்கள். மொய்க்குத் தனி ஏடு. வைக்கிற சாமான்களுக்குப் பட்டியல். கடைகளில் பேரேடு, வருஷக் கடைசியில் ஐந்தொகை என்ற வரவு செலவு, சொத்து கடன் சுருக்கம். பெண் கொடுத்து எடுக்கிற இடத்தைவிட நெருக்கமான உறவு உண்டா? அங்கேயே எழுதுகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் எழுதுவதுதான் வழக்கம். என் பார்வையில் இதன் உளவியல் மதிப்பு மிகப் பெரியது. ஒருவரிடம் மட்டும் எழுத்துக் கேட்டால் அது அவர் குணத்தின் மேல் விழும் சந்தேகம். எல்லோரிடமும் கேட்டால் அது வெறும் முறை. காசு சுண்டியபோது அவமதிப்பு மறைந்ததுபோல, முறை என்று ஆனதும் இங்கேயும் மறைந்துவிடுகிறது.

எனவே கொடுக்கல் வாங்கலில் இருப்பவர்கள், குறிப்பாக இப்போதுதான் சம்பாதிக்கத் தொடங்கும் பிள்ளைகள், ஆள் வருவதற்கு முன்னாலேயே தங்களுக்கென்று ஒரு முறையை வைத்துக்கொள்ளலாம். ஐயாயிரத்துக்கு மேல் யாருக்குக் கொடுத்தாலும் ஒரு தாள், தேதி, இருவர் கையெழுத்து. சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு எண். ஜாமீன் என்றால், கடன்காரர் ஒன்றுமே கட்டாமல் போனாலும் நாம் தாங்கக்கூடிய தொகைக்கு மட்டும். “எங்க வீட்ல யாருக்குக் கொடுத்தாலும் எழுதிக்கிற பழக்கம் அண்ணே, அப்பச்சி காலத்திலிருந்தே” என்று சொல்லும்போது குரல் நடுங்காது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவரிடமும் இதேதான்: “போனில் யாருக்கும் சொல்வதில்லை.” ஏற்கெனவே பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடக் கூடாது என்பதும் எனக்கு முக்கியம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை ‘கீழே கிடந்தது’ என்று ஓட்டல், வங்கி, தபால் நிலையம் போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். பணம் இல்லாத பர்ஸ்களில் 40 சதவீதத்துக்கு உரியவரைத் தொடர்புகொண்டார்கள். பணம் இருந்த பர்ஸ்களில் 51 சதவீதத்துக்கு. பணம் இருந்தால் சுருட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் நேர்மை கூடியிருந்தது. நம் மனிதர்கள் நாம் நினைப்பதைவிட நல்லவர்கள். அதை அறிந்துகொள்ள வழி, தாங்கக்கூடிய அளவில் நம்பிப் பார்ப்பது. பெட்டியடிப் பையனுக்கு முதல் நாளே பெட்டிச் சாவியைக் கொடுத்துவிடவில்லை. கடிதம் கொண்டுபோகச் சொன்னார்கள், சில்லறை வசூலுக்கு அனுப்பினார்கள், கணக்கெழுத உட்கார வைத்தார்கள், அப்புறம்தான் அடுத்தாள், மேலாள் எல்லாம்.

நம்பிக்கை ஒருமுறை உடைந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கும் ஆய்வில் ஒரு பதில் உண்டு. 2004-இல் பீட்டர் கிம்மும் அவருடைய சகாக்களும் காட்டியது இது: திறமைக் குறைவால் வந்த தவறென்றால், ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் நம்பிக்கை பெருமளவு திரும்புகிறது. நேர்மைக் குறைவென்றால் மன்னிப்பு அவ்வளவாக உதவுவதில்லை. கைதவறுதல் யாருக்கும் நேரும் என்று மனசு எடுத்துக்கொள்கிறது, ஒரு பொய்யை மட்டும் ஆளின் குணமாகவே எழுதிக்கொள்கிறது. நிறம் மங்கிய கல்லுக்குப் பதில் வேறு கல் அனுப்பியவரிடம் அடுத்த வீட்டுக்கும் ஆர்டர் கொடுக்கிறோம். லோடு ஏறாமலே ‘ஏத்தியாச்சு’ என்று சொன்னவரிடம் அதற்குப் பின் எவ்வளவு நல்ல கல் இருந்தாலும் போவதில்லை. தொழிலில் இருப்பவர்கள் தாமதமாகும்போது தாமதம் என்றே சொல்லிவிடலாம், வாங்குபவர் திட்டுவார், ஆனால் மறுபடி வருவார்.